சருகுப்புறாவாக இருந்தவள்

என் நாத்தனார் பதினோரு வருஷம் புதருக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், நானும் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரை அவள் சருகுப்புறா. ஏழு மணிக்கு மேல் காட்டோரத்துச் சுற்றுலா விடுதியில் போர்வை துவைக்கிற பொம்பளை. இந்த இரண்டில் எது நிஜமான வேலை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

சருகுப்புறா எங்கள் பள்ளத்தாக்கில் தரையிலேயே நடந்து திரிகிற பறவை. பறக்கத் தெரியும், ஆனால் சோம்பேறி. உடம்பு முழுக்கக் காய்ந்த இலையின் நிறம். காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. குரல் மட்டும் எதிர்மலை வரைக்கும் போகும். ஊ... ஊம், ஊ... ஊம் என்று, பெரிய பானைக்குள் வாயை வைத்துக் கூப்பிடுகிற மாதிரி.

காட்டுக்குள் நாங்கள் பெண்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பேரைக் கத்தினால் மிருகம் மிரளும். அதனால் கிழங்கு தோண்டப் போகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு பறவையின் குரலைக் கொடுத்துவிடுவார்கள். தோண்டத் தோண்ட ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போவோம். நடுவில் ஒருத்தி கூவினால் மற்றவர்கள் வரிசையாகப் பதில் கூவ வேண்டும். பதில் வராவிட்டால் கிழங்கைப் போட்டுவிட்டுத் தேடிப் போக வேண்டும். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கு எந்தப் பறவை என்று ஒரு வாரம் யோசித்தார்கள். என் குரல் அந்த லட்சணம். கடைசியில் மரங்கொத்தி என்று முடிவாயிற்று. வாயைத் திறக்கவே வேண்டாம், கல்லால் மரத்தைத் தட்டினால் போதும்.

நாத்தனாருக்குச் சருகுப்புறா. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயில் வைத்து அவள் கூவினால் நிஜப் புறாவே பதில் சொல்லும். அவள் என்று நினைத்துப் புறாவைத் தேடிப் போய் நாங்கள் முள்ளில் மாட்டிக்கொண்டதெல்லாம் உண்டு. மற்றபடி அவளுக்குப் பேச்சு கிடையாது. எது சொன்னாலும் 'ஊம்' என்பாள். அதனால் ஊம்கொட்டி என்றே எல்லோரும் கூப்பிட்டோம். அவள் புருஷன் கல்யாணமான மூன்றாம் வருஷம் லாரி ஓட்ட நகரத்துக்குப் போய், திரும்பி வரும்போது இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். "ரெண்டு பேரும் அனுசரிச்சு இருங்க" என்றானாம். அதற்கும் 'ஊம்' என்றுவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். நானாக இருந்தால் லாரியைக் கொளுத்திவிட்டு வந்திருப்பேன்.

பிறகுதான் விடுதி வந்தது. மரத்தை வெட்டாதே, வேரைத் தோண்டாதே, தேனை எடுக்காதே, இனிமேல் காடு என்பது பார்ப்பதற்கு என்றார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும். இரண்டு வாரப் பயிற்சி, பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர். நாங்களும் வருகிறோம் என்று நாலு பெண்கள் போய்க் கேட்டோம். "விருந்தாளிகளோட தனியா காட்டுக்குள்ள போறது உங்களுக்குச் சரிப்படாதும்மா" என்றார் மேனேஜர். அதே காட்டில் பிறந்ததிலிருந்து தனியாகத் திரிகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறார்! ஆக, ஆம்பளைக்குக் காடு, பொம்பளைக்குக் கக்கூஸ் கழுவுகிற வேலை. என் வீட்டுக்காரருக்குத் தேன்கூடு தெரியும், தடம் தெரியும், பறவை மட்டும் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் அடுப்படிக்கு வந்து, "நீலக் கழுத்து, வால் நீளம், அது என்னது?" என்பார். நான் சொல்வேன். மறுநாள் அதை இங்கிலீஷில் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவார்.

விருந்தாளிகள் எல்லோருக்கும் சருகுப்புறாவின் குரலைக் கேட்க வேண்டும். புறா என்ன இவர்கள் வீட்டு வேலைக்காரியா, கூப்பிட்ட நேரத்துக்கு வர? முதலில் போனில் பதிவு செய்த குரலைப் போட்டு அதைக் கூவ வைத்தார்கள். ஒரு விருந்தாளி கோபித்துக்கொண்டு, பறவையை இப்படி ஏமாற்றுவது பாவம் என்று எழுதிவிட்டுப் போனார். மேனேஜர் போனுக்குத் தடை போட்டார். அப்போதுதான் என் வீட்டு மகாராஜாவுக்குத் தங்கச்சி ஞாபகம் வந்தது. மனுஷியை வைத்து ஏமாற்றினால் பாவமில்லை போல.

கண்ணாடி வளையல் கூடாது, பளிச்சென்ற சேலை கூடாது, இருமல் கூடாது. பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற இடத்தில், ஓடைத் திருப்பத்தில் ஒரு புதர், அதற்குள் ஒரு பலகை. என் வீட்டுக்காரர் ஆட்களைக் கூட்டிவந்து உதட்டில் விரலை வைத்ததும் இவள் கூவ வேண்டும். விஷயம் வெளியே போகக் கூடாது என்று, துணி துவைக்கிற கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையைக் கொடுத்து அவளை அங்கேயே தங்க வைத்தார் மேனேஜர். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், சுவரோரம் கூரை வரைக்கும் மடித்த போர்வைகள். எங்களோடு கிழங்குக்கு வருவது நின்றுபோயிற்று. லீவு நாளில் நாங்கள் கிளம்புகிற நேரத்திலும் அவள் புதருக்குள் இருப்பாள்.

ஒருநாள் சொன்னாள், "அண்ணி, இன்னிக்கு நான் கூவுனதைக் கேட்டு ஒரு பொம்பளை அழுதுட்டா. தேம்பித் தேம்பி அழுவுறா. எனக்கு எழுந்து போய் அவ முதுகைத் தடவிக் குடுக்கணும்போல இருந்துச்சு."

"போயிருக்க வேண்டியதுதானே!"

"புறா எப்படிண்ணி போகும்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தன் குரலைக் கேட்டு அழ ஒருத்தியாவது பக்கத்தில் கிடைத்தாளே என்ற சந்தோஷம் அவளுக்கு. இது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

முதல் இரண்டு வருஷம் அவளுக்குப் பதில் வந்துகொண்டிருந்தது. "இன்னிக்கு மூணு கூவுச்சு, ஒண்ணு குஞ்சுக் குரல்" என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். அப்புறம் இரண்டு, ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. ஜெனரேட்டர் சத்தமோ, ஆள் நடமாட்டமோ, தினமும் கூப்பிட்டுவிட்டுப் போகிற இவள்மேல் சலிப்போ, யார் கண்டது? எட்டு வருஷமாக ஒரு பதில்கூட இல்லாமல் அவள் கூவினாள். அந்த இடத்தில் நான் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். "எப்படிடி முடியுது?" என்று கேட்டேன். "நான் நிறுத்திட்டா அப்புறம் யாருமே கூவ மாட்டாங்களே அண்ணி" என்றாள்.

போன வருஷம் பெட்டிக்காரர் வந்தார். பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், நல்ல மனுஷர், வெயிலில் சிவந்துபோன மூக்கு. மரம் மரமாகச் சின்னப் பெட்டிகளைக் கட்டினார். அதற்கு முன்பு வந்தவர்கள் கட்டிய பெட்டிகள் எல்லாம் கேமரா. சிறுத்தை நடந்தால் படம் பிடிக்கும். இதுவும் அப்படித்தான் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் பச்சைச் சட்டையின் சாயம் வெளுத்துவிடுமே! ஓடைத் திருப்பத்து மரத்தில் கட்டுவதற்கு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கச்சியிடம் வந்து, "பெட்டியோட கண்ணு உன் பக்கம் திரும்பாம பாத்துக்கிட்டேன். நீ தலையை மட்டும் வெளிய நீட்டாதே" என்றார். அதற்குக் கண்ணே கிடையாது, முழுக்கக் காது. ஒரு பருவம் முழுக்க அது அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பள்ளத்தாக்கு வழியில் இரும்புக் கதவு வந்தது. பெட்டியில் குரல் பதிவாகியிருக்கிறதாம், சருகுப்புறா வாழ்கிற இடமாம், யாரும் உள்ளே போகக் கூடாதாம். பலகையில் புறாவின் படம் வேறு, அதுவும் பச்சைக் கண்ணோடு. கையில் தோண்டுகோலோடு நாங்கள் ஒன்பது பேர் கதவுக்கு முன்னால் நின்றோம். மற்ற காடெல்லாம் போன பிறகு, தோண்டிக்கொள்ள எங்களுக்கென்று விட்டுவைத்திருந்தது அந்தப் பள்ளத்தாக்கு ஒன்றைத்தான். ஆம்பளைகள் அங்கே வருவதில்லை. கிழங்கும் வேரும் அங்கேதான், துடைப்பப்புல்லும் அங்கேதான், வீட்டில் அழ முடியாததை அழுகிற இடமும் அதுதான். கதவு வைக்க வேண்டும் என்று சொன்னது எந்தப் புறா என்று எங்கள் ஒன்பது பேருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து யாரும் அவளோடு பேசவில்லை. அதை ஆரம்பித்து வைத்தவள் நான். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கும் அதே துணிக்கூடத்தில்தான் வேலை. காலை எட்டு மணிக்குக் கொடியிலிருந்து போர்வைகளை எடுத்து வருவோம். விடுதிப் போர்வை பெரியது, ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது போர்வை, ஒன்பதரை மணி வரைக்கும் ஆகும். நாற்பது தடவை அவள் முகத்துக்கு நேரே என் முகம் வரும். நாலு மாதம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மட்டும் தினமும் முதல் போர்வையை மடிக்கும்போது "அண்ணி" என்பாள். பதில் வராது. அப்புறம் மிச்ச முப்பத்தொன்பதையும் மடிப்பாள்.

நியாயத்தைக் கேட்டால், எனக்கும்தான் வாய் இருந்தது. அதிகாரிகளிடம் போய், அது புறா இல்லை, என் நாத்தனார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் புருஷனின் பச்சைச் சட்டை போய்விடும். அவர் தங்கச்சியின் அறைக்குப் போய், "வாயைத் திறந்தே, நாம எல்லாரும் தெருவுல நிக்கணும்" என்று கெஞ்சிவிட்டு வந்ததும் எனக்குத் தெரியும். என் வீட்டுச் சட்டையைக் காப்பாற்றிக்கொள்ள நானும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வாயைத் திறக்கவில்லை என்று அவளைத் தண்டித்தேன். ஊரான் பிள்ளையாக இருந்தாலாவது போகட்டும், ஒரே தட்டில் சாப்பிட்ட பெண். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

பள்ளத்தாக்கை நிரந்தரமாக மூடுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். முன்வரிசையில் நாற்காலியில் பச்சைச் சட்டைகள், பின்னால் தரையில் நாங்கள். வனத்துறையிலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா பொறுமையானவள். எங்களில் மூத்தவள் எழுந்து, "நாங்க நடந்த காலமெல்லாம் புறாவும் அங்கதானேம்மா நடந்துச்சு?" என்று கேட்டாள். அதிகாரியம்மா அதை எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டு, "ஆதாரத்தைப் போடுங்க" என்றாள்.

பெட்டிக்காரர் ஸ்பீக்கரைத் தட்டினார். "இது காலை ஆறு நாற்பது." ஊ... ஊம். கூவி முடித்து மூச்சை இழுக்கும்போது வருகிற அந்தச் சின்ன விம்மல், எங்கள் ஊம்கொட்டியேதான். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். பச்சைச் சட்டைகள் கூரையைப் பார்த்தன. "இப்ப இது. அதே மரம், அதே நாள், எட்டரை மணி" என்றார். மறுபடி ஊ... ஊம். கொஞ்சம் கரகரப்பு, இரண்டாவது ஊம் பாதியில் அறுந்து நின்றது. "கிட்டத்தட்ட தினமும் இப்படித்தான். ஒண்ணு கூவிட்டுப் போகுது, அப்புறம் இன்னொண்ணு வந்து கூவுது. ஜோடியா இருக்கு" என்றார். நல்ல மனுஷர், சொல்லும்போது அவருக்கே கண் பளபளத்தது.

நாத்தனார் எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் எழுந்து நான் பார்த்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது. பயம் என்று நினைத்தேன்.

"உட்காருடி!" என்றார் என் வீட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்மா, அது நான்" என்றாள் அவள் அதிகாரியம்மாவிடம். "புறா இல்லை. விடுதியில என்னை உட்கார வெச்சிருக்காங்க." கையைக் குவித்தாள், கூவினாள். கூடத்துக்குள் அந்தக் குரல் போய் ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது. மேனேஜர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

பெட்டிக்காரர் மட்டும் விடவில்லை. தலையை ஆட்டினார். "முதல்ல வந்தது நீங்களா இருக்கலாம்மா, ஒத்துக்கறேன். ரெண்டாவது வேற. குரலே வேற."

"அதுவும் நான்தான்."

"அப்ப கூவிக் காட்டுங்க."

அவள் கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடிக்கொண்டே நின்றாள். பிறகு கூவினாள். அதே கரகரப்பு, இரண்டாவது ஊம் அதே இடத்தில் அறுந்தது. பெட்டிக்காரர் ஸ்பீக்கரில் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், பாவம். அதிகாரியம்மா பேனாவை மூடினாள்.

ஒரு வாரத்தில் இரும்புக் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரரின் சட்டையையும் கழற்றிக்கொண்டார்கள். இப்போது விடுதித் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார், தங்கச்சி போகிற பக்கம் திரும்புவதில்லை. விருந்தாளிகளுக்கு இப்போது வண்ணத்துப்பூச்சி காட்டுகிறார்கள். நல்லவேளை, அதற்குக் குரல் கிடையாது. நாத்தனாரையும் மேனேஜர் வேலையை விட்டு அனுப்பவில்லை, அனுப்பினால் வெளியே போய் இன்னும் என்னென்ன சொல்வாளோ என்ற பயம்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை நான் துணிக்கூடத்துக்குப் போனேன். முதல் போர்வையைப் பிடித்ததும், அவளுக்கு முன்னால் நானே முந்திக்கொண்டு, "என்னை மன்னிச்சுடுடி" என்றேன். அவள் 'ஊம்' என்றாள். பத்துப் பன்னிரண்டு போர்வை முடிந்திருக்கும், நடுவில் நின்றுவிட்டாள்.

"அண்ணி, மணி என்ன?"

சுவரைப் பார்த்தேன். "எட்டரை."

"தினமும் எட்டரைக்கு நான் எங்க இருப்பேன்?"

"இங்கதான். என் எதிர்ல, போர்வையைப்..." என் கையிலிருந்த போர்வை தரையில் விழுந்தது.

"அது தூரத்துல இருக்கும் போலண்ணி" என்றாள். "நான் கூவுறது கேட்டதும் கிளம்பும். தரையிலயே நடந்து வரணும், வயசான பறவை, குரலே சொல்லுதே, அங்கேர்ந்து கூவினா எட்டாது. வந்து சேர எட்டரை ஆயிடுது. நான் ஏழு மணிக்கே எழுந்து வந்துடுவேன். வந்து பாத்தா ஆள் இருக்காது. கூவிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்." கீழே கிடந்த போர்வையைப் பார்த்துக்கொண்டு, "எத்தனை வருஷமா வந்துச்சோ" என்றாள்.

எனக்கு வாயில் வந்த வசவெல்லாம் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உள்ளேயே நின்றது. "அடிப்பாவி, அப்புறம் ஏண்டி அதுவும் நான்தான்னு சொன்னே?"

"இல்லைன்னு சொன்னா கதவைத் திறப்பாங்களா?" என்றாள். குனிந்து போர்வையின் முனையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கதவு போனதும் பெண்கள் எல்லோரும் அவள் அறைக்கே போய்க் கூப்பிட்டார்கள். மூத்தவள் அவள் தோண்டுகோலைத் தானே சீவிக் கொடுத்தாள். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் எங்களோடு பள்ளத்தாக்கில் இறங்கினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிதறினோம். கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஒருத்தி கூவினாள். வரிசையாகப் பதில் வந்தது, நான் மரத்தைத் தட்டினேன். அவள் முறை வந்தது. கூவவில்லை. என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தாள். மேட்டிலிருந்து மறுபடி கூவினார்கள். நான் கையை ஆட்டி, இங்கேதான் இருக்கிறாள் என்று காட்டினேன். கோபம் இன்னும் ஆறவில்லை போல என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் இப்போது குரல் இல்லாதவள். கூட்டிப்போகிற குழந்தை மாதிரி என் கண்பார்வையிலேயே இருப்பாள்.

நாலாவது தடவை போனபோது, ஓடைத் திருப்பத்துப் பக்கமிருந்து கேட்டது. ஊ... ஊம். கரகரப்பு. இரண்டாவது ஊம் பாதியில் நின்றது.

"அப்பாடா, வாயைத் திறந்துட்டாடி!" என்று மேட்டிலிருந்து ஒருத்தி கத்திச் சிரித்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆளாளுக்குத் தங்கள் குரலில் பதில் கூவினார்கள்.

அவள் என் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். தோண்டுகோல் கையிலிருந்து நழுவியிருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது, துடைக்கவில்லை. புறா மறுபடி கூவியது, முன்னைவிடக் கொஞ்சம் கிட்டத்தில். அவளுடைய இரண்டு கைகளும் தானாகவே குவிந்து வாய்வரைக்கும் வந்துவிட்டன.

"ஒரே ஒரு தரம் கூவுடி" என்றேன். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "யாருக்குத் தெரியப் போகுது? ஒரே ஒரு தரம்."

"பெட்டியெல்லாம் இன்னும் அவுக்கலண்ணி" என்றாள் காதோடு காதாக. "நான் கூவினா அது விடாது. தினமும் வரும். ரெண்டும் ஒரே நேரத்துல கூவினா, நான் சொன்னது பொய்னு ஆயிடும்."

புறா மூன்றாவது தடவை கூவியது. அவள் மண் அப்பிய உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, அது நிறுத்தும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.